நிலுவையில் நின்ற கப்பல்

நடுக்கடலிலும் பனிவெளியிலும் முற்றுகையிட்ட கோட்டைகளிலும் அகப்பட்டுத் தவித்த உலக மாந்தர் அனைவருக்காகவும், ஒருவர் விடாமல் கவலைப்பட்ட அரசு ஊழியர் இப்பூவுலகில் ஒருவரே. அவர் பாளையங்கோட்டையில், எங்கள் அலுவலகத்தில், எனக்கு எதிர் மேசையில் அமர்ந்திருந்தார்.

பெற்றோர் இட்ட பெயர் அவருக்கு வருகைப் பதிவேட்டில் மட்டுமே வழங்கிற்று. மற்றபடி அவர் எங்களுக்குப் பொறவு அண்ணாச்சி. 'பிறகு' என்று நாம் நூலில் எழுதுவதை நெல்லைச் சீமையின் நா 'பொறவு' என்று சொல்லும். அச்சொல்லை அவர் சொல்லும்போது மட்டும் அதில் ஒரு பதைப்பு இருக்கும். பக்கத்து வீட்டில் தீப்பற்றியதைக் கேள்விப்பட்டவர் போலிருப்பார்.

இப்பெயர் அவருக்கு வாய்த்தது ஆங்கிலத்தால். அவர் இளநிலை உதவியாளர். உதவியாளராக உயர வேண்டுமானால் துறைத் தேர்வின் ஆங்கிலத் தாளில் தேறியாக வேண்டும். பொது அறிவியலிலிருந்தோ வரலாற்றிலிருந்தோ ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். அதைப் படித்து, கீழே உள்ள ஐந்து வினாக்களுக்கு அப்பத்தியைக் கொண்டே விடையெழுத வேண்டும். அவ்வளவே. அந்த அவ்வளவில் அவர் முன்பே தோற்றிருந்தார்.

இம்முறை தோற்கலாகாது என்பதற்குக் காரணம் இருந்தது. அவருடைய வீடு திருச்செந்தூரில். மனைவி அவ்வூரிலேயே செவிலியர். மூன்று வயதில் ஒரு மகள். வேலைநாள்களில் அவள் கண்விழிக்குமுன் அவர் தொடர்வண்டி ஏறுவார். அவள் உறங்கியபின் வீடு சேர்வார். எங்கள் துறையின் திருச்செந்தூர்க் கிளையில் உதவியாளர் ஒருவர் விரைவில் ஓய்வுபெறவிருந்தார். தேறினால் அந்த நாற்காலி அண்ணாச்சிக்கு. தவறினால் வேறொருவர் வந்து அமர்ந்துவிடுவார். அமர்ந்தவர் எளிதில் எழும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

எங்கள் கண்காணிப்பாளர் சுகிர்தம் அம்மாள் உணவு இடைவேளையில் வகுப்பெடுக்க முன்வந்தார். பாளையங்கோட்டையின் பழைய கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய ஆங்கிலம் கஞ்சியிட்டுத் தேய்த்த பருத்திப் புடவை போன்றது. எவ்வளவு பேசினாலும் மடிப்புக் கலையாது. மாணவர் இருவர்: பொறவு அண்ணாச்சியும், தட்டச்சர் இசக்கியும். நான் மொழிபெயர்ப்புப் பிரிவைச் சார்ந்தவன். எனக்கு அத்தேர்வு வேண்டியதில்லை. ஆயினும் சோற்றுப் பாத்திரத்தோடு போய் ஓரமாக அமர்ந்துகொண்டேன். அலுவலகத்தில் இலவசமாகக் கிடைத்த இன்பங்களுள் அது தலையாயது.

முதல் நாள் பத்தி, வடகடலில் பனியில் இறுகிப்போன ஒரு கப்பலைப் பற்றியது. நீர் ஏன் மேலிருந்து உறைகிறது என்னும் அறிவியலும், அக்கப்பல் தலைவன் தன் ஆட்களுக்கு உணவைப் பங்கிட்டுக் கொடுத்த வரலாறும் அதில் கலந்திருந்தன. சுகிர்தம் அம்மாள் உரக்கப் படித்தார். "உணவு குறைந்துகொண்டே வந்தது, பனியோ இளகவில்லை" என்னும் வாக்கியத்தோடு பத்தி முடிந்தது.

அண்ணாச்சி கையில் பிசைந்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது.

"பொறவு?"

"பொறவு கேள்விதான் அண்ணாச்சி. முதல் கேள்வி, 'இறுகிய' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன?"

"மேடம், அங்கன ஆளுக பனிக்குள்ள பட்டினியாக் கெடக்காங்க. நீங்க எதிர்ச்சொல்லு கேக்கியளே!"

"பத்தி அதோட முடிஞ்சிட்டு."

"பத்தி முடிஞ்சிட்டு. அவங்க முடியலல்லா?"

அன்று வகுப்பு முடியவில்லை; உணவு இடைவேளை முடிந்தது.

அவருக்கு ஆங்கிலம் வராது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பொருள் தெரியாத சொல்லைக் கண்டால் உடனே அகராதிக்கு ஓடாமல், அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து உய்த்துணர வேண்டும் என்று சுகிர்தம் அம்மாள் கற்பித்தார். இசக்கி அதைப் பலநாள் எழுதிப் பழகியும் பயனில்லை. அண்ணாச்சி கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார். "ஆளு வீட்டுல இல்லன்னா அக்கம்பக்கத்துல விசாரிக்க மாதிரி. அப்பிடித்தானே?" என்றார். அதன்பின் எந்தச் சொல்லும் அவரிடமிருந்து தப்பியதில்லை.

தப்பாதது சொல். அவர் தவித்தது ஆட்களுக்காக.

ஆட்கள் என்றால் மனிதர் மட்டுமல்லர். குளிர்காலம் நெருங்கும்போது ஆண் தேனீக்களைக் கூட்டிலிருந்து வெளியே தள்ளிவிடும் வழக்கத்தைப் பற்றி ஒரு பத்தி வந்தது. அண்ணாச்சி அன்று பிற்பகல் முழுதும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார்.

"தள்ளி விட்டுட்டா அது எங்கன போவும்? அதுக்கு ஒரு சோலியும் தெரியாதேல," என்றார் இசக்கியிடம்.

"ஒங்கள மாதிரி காலைல ரயிலேறிப் பாளையங்கோட்டைக்கு வரும் அண்ணாச்சி."

"ஏலே, போலே!"

மற்றொரு நாள், உயர்ந்த மலையில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்னும் பத்தி. காற்றழுத்தம் பற்றிய வினாவுக்கு விடை எழுதச் சொன்னால் இவர் எழுந்து நின்றார்.

"மேடம், கொறஞ்ச சூட்டுல கொதிச்சா அங்கன சோறு வேகாதுல்லா?"

சுகிர்தம் அம்மாள் சற்று எண்ணிப்பார்த்தார். "வேகாதுதான். நேரமாகும்."

"அப்ப மலை ஏறிப் போனவன் என்னத்தத் திம்பான்?"

வகுப்பு கலைந்தபின் அம்மையார் என்னிடம் வந்தார். "சார், அந்தப் பத்தியில சோறுங்கிற பேச்சே இல்ல. ஆனா அவரு சொன்னது சரி. இங்க வாசிக்கத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான். பரிட்சையில தோக்கப் போறவரும் அவரு ஒருத்தருதான்," என்றார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

கோட்டை முற்றுகைப் பத்தி வந்த நாளை அலுவலகத்தின் வரலாற்றிலேயே சேர்க்கலாம். பகைவர் மதிலைச் சூழ்ந்துவிட்டனர். உள்ளே தண்ணீர் அருகிவிட்டது. கதவைத் திறப்பதா வேண்டாவா என்று மன்னன் அவையைக் கூட்டினான். முற்றுப்புள்ளி. அண்ணாச்சியின் "பொறவு" அன்று கூடம் வரை கேட்டது. மறுநொடி அலுவலகம் இரண்டு கட்சியாயிற்று. திறந்துவிடலாம் என்றான் இசக்கி. திறக்கலாகாது என்றேன் நான். மனு கொடுக்க வந்து வாயிலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"கோட்டைக்குள்ள கெணறு உண்டுமா?"

"பத்தியில கெணறப் பத்தி ஒண்ணும் இல்லய்யா," என்றார் சுகிர்தம் அம்மாள்.

"கெணறு இல்லாம எந்தக் கோட்டிக்காரன்மா கோட்டை கட்டுவான்?"

"அப்பிடிச் சொல்லும் பெரியவரே!" என்று அண்ணாச்சி அவர் கையைப் பற்றிக்கொண்டார். அவர்கள் இருவரும் கிணற்றை எங்கே தோண்டியிருக்கலாம் என்று பேசிக்கொண்டே படியிறங்கிப் போயினர். பெரியவர் தம் மனுவைக் கொடுக்க மறந்து வீட்டுக்கே போய்விட்டார். மறுநாள் வந்து கொடுத்தார்.

இக்கவலையின் வேர் எங்கிருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அவர் இருந்தது முறையீட்டுப் பிரிவு. வந்த மனுவுக்கு இன்ன முடிவு என்று எழுதாமல் கோப்பைக் கட்டலாகாது என்பது அப்பிரிவின் சட்டம். முடிவெழுதாத கோப்புக்கு நிலுவை என்று பெயர். திங்கள்தோறும் நிலுவை கேட்கும்போது பிறரெல்லாம் தலைகவிழ்வார்கள். பொறவு அண்ணாச்சி மட்டும் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். அவரிடம் நிலுவை இருந்ததே இல்லை. அப்படிப்பட்டவரிடம் ஒரு கப்பலைக் கொடுத்து, அதைப் பனியிலேயே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பு என்றால் எப்படி?

இது விளங்கியது மாதிரித் தேர்வு நாளில்தான். சுகிர்தம் அம்மாள் அதே வடகடல் பத்தியை மீண்டும் கொடுத்து, விடைகளைத் தாளில் எழுதச் சொன்னார். அண்ணாச்சி ஐந்து வினாக்களையும் தொடாமல், பழுதற்ற ஆங்கிலத்தில் ஒரு நினைவூட்டு மடல் வரைந்து கொடுத்தார். அதன் தமிழாக்கம் வருமாறு: "பனியில் நிற்கும் மேற்படி கப்பல் குறித்து இதுநாள் வரை அறிக்கை ஏதும் பெறப்படவில்லை. எனவே, மேற்படி கப்பலின் தலைவர் தம் தற்போதைய நிலையினையும், உடன் உள்ளோர் நலத்தினையும் காலந்தாழ்த்தாது தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

தாளைப் படித்த சுகிர்தம் அம்மாள் மேசையில் தலை வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவருக்குச் சினம் வரவில்லை. "அண்ணாச்சி, தேர்வு வந்துட்டு. இதையே அங்கயும் எழுதினா, ஒங்க பிள்ள ஒங்க முகத்தப் பாத்து எப்பம் வளரும்?" என்றார்.

அண்ணாச்சியின் கண் தாழ்ந்தது. "எனக்குத் தெரியாதா மேடம்? எழுதணும்னுதான் பேனாவ எடுக்கேன். கப்பலு நிலுவையில நிக்கு. அத அங்கனயே விட்டுட்டு எதிர்ச்சொல்லு எழுதக் கை வரமாட்டேங்கு."

அப்போது இசக்கி, மாங்காய்த் துண்டைக் கடித்தபடி, கேலியாகத்தான் சொன்னான்: "நிலுவைதானே அண்ணாச்சி? நீங்களே முடிவு எழுதிக் கோப்பக் கட்டிருங்க. அவன் என்ன, மேல்முறையீட்டுக்கா வரப் போறான்?"

அண்ணாச்சி மெல்லத் திரும்பி, "எழுதலாமா மேடம்?" என்றார்.

"விடை எழுதுற பக்கத்துல எழுதாதீங்க. கடைசிப் பக்கத்துல, கிறுக்கிப் பாக்க எடம் இருக்கும். அங்க எழுதி, கோடு போட்டு அடிச்சு விட்டிருங்க. பொற..." என்று தொடங்கிய அம்மையார் நாவைக் கடித்து, "பிறகு விடை எழுதுங்க," என்று முடித்தார்.

அன்று முதல் உலக வரலாறு செப்பமாக முடிவுற்று வந்தது. தென்றல் அடித்துப் பனி இளகி, வடகடல் கப்பல் நேரே திருச்செந்தூர்க் கரைக்கு வந்தது, ஆட்கள் அனைவரும் கடலாடி வயிறாரச் சாப்பிட்டு நலமாயிருக்கின்றனர், கோப்பு முடிக்கப்படலாம். கோட்டைக்குள் கிணறு அகப்பட்டது. முற்றுகையிட்டவர்களுக்கும் இரண்டு குடம் கொடுத்தனுப்பினார்கள். வெளியேற்றிய ஆண் தேனீக்களுக்குப் பேட்டைத் தொழிற்பட்டறைகளில் வேலை கிடைத்தது. மற்றொரு பத்தியில் பலூன் ஏறி மேகத்துள் மறைந்த ஒருவனை வள்ளியூர்ச் சந்தையில், வாழைத்தார்க் குவியலின்மேல் பைய இறக்கிவிட்டார். முடிவை எழுதிக் கோடிட்டு அடித்த மறுகணம், ஐந்து விடைகளும் அவர் பேனாவிலிருந்து பிழையின்றி வரிசையாக இறங்கின. சுகிர்தம் அம்மாளுக்குத் திருத்த ஒன்றும் இல்லாமற் போயிற்று.

தேர்வு நாளன்று நானும் அம்மையாரும் அலுவலகத்தில் காத்திருந்தோம். பிற்பகலில் இசக்கி முதலில் வந்தான். வந்த முகமே சரியில்லை.

"கலங்கரை விளக்கம் மேடம். கடலுக்கு நடுவுல ஒரு பாறை. ஒருத்தன் தனியா வெளக்கப் பாத்துக்கிட்டிருக்கான். கண்ணாடி எப்பிடி வெளிச்சத்தக் குவிக்கும், அது இதுன்னு நல்லாத்தான் போச்சு. கடைசி ரெண்டு வரிலதான் விழுந்துச்சு இடி. மாத்தாள் வர வேண்டிய படகு வரலையாம். கரையில அவன் மவ சின்னப் பிள்ள, தெனம் சாயங்காலம் அந்த வெளக்கையே பாத்துக்கிட்டு நிக்குமாம். அம்புட்டுதான், பத்தி முடிஞ்சிட்டு. எனக்குத் திக்குன்னுச்சு. திரும்பிப் பாத்தா, அண்ணாச்சி பேனாவ மூடி வச்சுட்டு ஜன்னலப் பாக்காரு."

"பொறவு?" என்றார் சுகிர்தம் அம்மாள். தாம் சொன்ன சொல்லை அவர் கவனிக்கவே இல்லை.

"பொறவு கடைசிப் பக்கத்தத் திருப்பினாரு. எழுதுதாரு, எழுதுதாரு, எழுதிக்கிட்டே இருக்காரு. எப்பமும் ரெண்டு வரிதானே எழுதுவாரு? பக்கம் நெறஞ்சு போச்சு. மணி அடிக்க நேரமாச்சு, நான் தாளக் குடுத்துட்டு வெளிய வரயில இவரு இன்னும் கடல்லயே கெடக்காரு!"

அவன் சொல்லி வாய் மூடவில்லை. அண்ணாச்சி முகம் கழுவிய ஈரத்தோடு உள்ளே வந்தார். எங்கள் மூவரையும் பார்த்தார்.

"கொண்டு சேத்துட்டேன்," என்றார். "அலை கூடுதல் மேடம். இவன மட்டும் ரெண்டு வரில முடிக்க மனசு வரல. பைய பையத்தான் வந்தான். ஆனா வந்துட்டான்."

"விடை எழுதுனீங்களா அண்ணாச்சி?"

"அவன் வீட்டுப் படி ஏறுற வரைக்கும் ஒரு வெடையும் ஓடல. ஏறுன ஒடனே அஞ்சும் மடமடன்னு வந்துட்டு. கடைசிப் புள்ளி வைக்கேன், மணி அடிக்கு."

முடிவுகள் வெளிவந்த அன்று பட்டியலை முதலில் பார்த்தவன் இசக்கி. "அண்ணாச்சி கோப்பு முடிஞ்சுது. நான்தான் இன்னும் நிலுவை!" என்று மாடிப்படியிலிருந்தே கூவினான். தான் தோற்றதை அவ்வளவு மகிழ்ச்சியோடு அறிவித்த ஒருவனை நான் வேறெங்கும் கண்டதில்லை. சுகிர்தம் அம்மாள் எழுந்து சென்று முகம் கழுவிக்கொண்டு வந்தார். அண்ணாச்சியோ நாற்காலியை விட்டு எழவில்லை. இரு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்தபடி, "அப்பிடியா, அப்பிடியா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

திருச்செந்தூரில் அவர் பணியேற்ற அன்று மாலை, நான் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது.

"சார், வீட்டுக்கு வந்துட்டேன். சும்மாதான் கூப்பிட்டேன். இன்னும் வெயிலு அடிக்கு சார்."

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை எதையோ வற்புறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தது. "என்ன கேக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். இன்னைக்கு ஞாயித்துக்கிழமையான்னு கேக்கா."

இப்போதும் உணவு இடைவேளையில் வகுப்பு நடக்கிறது. இசக்கி படிக்கிறான், நான் வேடிக்கை பார்க்கிறேன். பத்தி முடிந்ததும் சுகிர்தம் அம்மாள் உடனே வினாவுக்குப் போவதில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்றுப் பேசாமலிருக்கிறார். அந்தச் சிறிது நேரத்தில் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு கரையில் யாரையாவது கொண்டு சேர்த்துவிடுகிறோம்.