பேரனுக்கு ஒரு ஃபைல், எனக்கு ஒரு சிறுத்தை

அன்று காலை முதல் டம்ளர் காப்பி இறங்குவதற்குள் தீர்மானம் செய்துவிட்டேன். இனி இந்த வீட்டில் சீனிவாசராகவனைக் கேட்காமல் ஒரு நகம்கூட வெட்டப்படக் கூடாது.

சீனிவாசராகவன் நான்தான். வயது எழுபத்து நான்கு. அரசாங்கச் செயலகத்தில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்தவன். எனக்குக் கோபம் வந்தால் எங்கள் பேட்டை மல்லேஸ்வரம் முழுக்க கரண்ட் போய்விடும் என்று ஆபீசில் சொல்வார்கள். மூன்று முறை போயிருக்கிறது. அதில் ஒரு முறை மழைகூட இல்லை.

இந்த முறை கோபத்துக்குக் காரணம் உண்டு. வெட்டலாமா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தது நகத்தை இல்லை.

எட்டு நாள் முன்னால் எனக்குப் பேரன் பிறந்தான். பதினோராம் நாள் புண்யாஹவாசனம், பெயர் வைப்பது. தாத்தா பெயர்தான் என்று நாற்பது பேரிடம் சொல்லியாகிவிட்டது. மகன் சுதீர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். மருமகள் நிருபமா நம் பக்கத்துப் பெண்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது டெக்சாஸில். அவள் தம்பி பிறந்தபோது அங்கே ஆஸ்பத்திரியிலேயே முன்தோலை எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்களாம். மதமும் கிடையாது, சடங்கும் கிடையாது. புதுப் பாத்திரத்தில் கடைக்காரன் ஸ்டிக்கரைக் கிழித்துக் கொடுக்கிற மாதிரி. இவனுக்கும் செய்யணுமா என்று அவள் குழந்தை டாக்டரைக் கேட்டிருக்கிறாள். அவர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, பூர்த்தி பண்ணுங்கள், படியுங்கள், இரண்டு பேருமாக முடிவு செய்து சொல்லுங்கள் என்றிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? சுதீரா? என் மனைவி ரமாவா? பக்கத்து வீட்டு நாகேஷ் சொன்னார். பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஏன் ஸ்வாமி, பேரனுக்கு ஆபரேஷனாமே?" என்றார். என் வம்சத்தின் விவகாரம் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கிறது, இந்தப் பக்கம் தெரியவில்லை. பால் பாக்கெட் என் கையிலேயே திரிந்துவிட்டது.

உள்ளே வந்தேன். ரமா ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்கிப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"ரமா, இந்த ஆத்துல நான் யாரு?"

"இன்னொரு டம்ளர் காப்பி வேணுமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சீனிவாசராகவன். ரிடையர்ட்."

"நாகேஷுக்குத் தெரியறது. எனக்குத் தெரியலை."

"அவர் ஆத்துக்காரி சஹானாகிட்ட நான்தான் சொன்னேன்."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"உங்ககிட்ட சொன்னா ஃபைல் போடுவேள்."

இதில் தப்பென்ன என்று எனக்குப் புரியவில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கினதற்கு ஃபைல் இருக்கிறது. மாடியில் பாசி பிடித்ததற்கு இருக்கிறது, இரண்டு பாகம். ஆட்சேபணை என்றால் எழுத்தில் வேண்டும். முடிவு என்றால் முன்னுதாரணம் வேண்டும், இதற்கு முன் யாருக்காவது இப்படிச் செய்ததுண்டா என்று. கடைசியில் பச்சை மையில் என் கையெழுத்து. இதுதான் இந்த வீட்டின் சட்டம். நாற்பத்தாறு வருஷமாக ரமா இதற்குள்தான் குடித்தனம் செய்கிறாள்.

"போடத்தான் போறேன்," என்றேன். "பதினோரு மணிக்கு ஹால்ல விசாரணை. எல்லாரும் வரணும்."

"குழந்தையுமா?"

"அவன்தான் மனுதாரர்."

சரியாகப் பதினோரு மணி. பழுப்பு அட்டை ஃபைலைத் திறந்து தலைப்பு எழுதினேன். பொருள்: சிரஞ்சீவி பேரன், தோல் சம்பந்தமாக. சுதீர் சோபா நுனியில் உட்கார்ந்தான். நிருபமா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். டெக்சாஸில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று கேள்வி.

"அப்பா, கத்தாதேள்," என்றான் சுதீர். "பிரஷர் ஏறிடும்."

"எனக்கா பிரஷர்? சிறுத்தையையே பார்த்தவன்டா நான்."

சிறுத்தை விஷயம் உங்களுக்குத் தெரியாது. மல்லேஸ்வரத்தில் உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். எனக்கு எட்டு வயது. பன்னேர்கட்டா காட்டோரம் சித்தப்பாவின் ஜீப் நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். சிறுத்தை பாய்ந்தது. தொடையின் மேல்பக்கம், இன்னும் கொஞ்சம் மேலே, கவ்விவிட்டது. நான் விடுவேனா? அதன் இடது காதைக் கடித்தேன். அரை மணி நேரம் அது என்னை விடவில்லை, நான் அதை விடவில்லை. கடைசியில் அதுதான் அழுதது. பத்து நாள் ஆஸ்பத்திரி. பூங்காவில் நடக்கிற கிழவர்கள் கூட்டத்துக்கு நான் தலைவனாக இருப்பதே இந்தச் சிறுத்தையால்தான். தழும்பைக் காட்டு என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய இடம் இல்லை அது.

"ஃபைலை மூடுங்கப்பா," என்றாள் நிருபமா. "இது என் குழந்தை."

"குழந்தை உன்னோடது. வம்சம் என்னோடது."

"உடம்பு அவனோடது. அதுக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் ஒரு வாரமா மண்டையை உடைச்சிக்கறோம். தேவையில்லாம எடுத்தா நாளைக்கு அவன் எங்களைக் கேப்பான். தேவையா இருந்து எடுக்காம விட்டாலும் கேப்பான். எங்களுக்கு பயமா இருக்கு. நீங்க பச்சைப் பேனாவைத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

நியாயமான பேச்சு. அதனால் கோபம் இன்னும் ஏறியது. நியாயம் என்னிடம் இல்லாதபோது எனக்குக் குரல் நன்றாக எழும்பும்.

"சிவாஜிநகர்ல என் பழைய ஆபீஸ் முஸ்லிம் சிநேகிதர் ஆத்துல பண்ணுவா," என்றேன். "ஊரைக் கூட்டி விருந்து போடுவா, நானே போய்ச் சாப்பிட்டிருக்கேன். ஏன்? அவாளுக்கு அது முறை. முறை இருக்கு, முன்னுதாரணம் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? ஏழு தலைமுறையா எடுத்துப் பாரு. நம்ம வம்சத்துல ஒருத்தனுக்காவது இது நடந்திருக்கா? ஒரே ஒருத்தனுக்கு? காட்டுங்கோ பார்ப்போம். காட்டிட்டா, இந்தக் குழந்தை விஷயத்துல இனிமே நான் வாயே திறக்கலை."

ஹால் ஜன்னல் கண்ணாடி சற்று அதிர்ந்தது.

"அதை எழுதுங்கோ," என்றாள் ரமா, அவரைக்கொட்டையிலிருந்து தலை நிமிராமல்.

"எதை?"

"இப்ப சொன்னதை. வாயால சொன்னது செல்லாதும்பேளே."

எழுதினேன். முன்னுதாரணம் காட்டப்பட்டால் மேற்படி குழந்தை சம்பந்தமான எந்த விஷயத்திலும் இனித் தலையிடமாட்டேன். பச்சை மை. கையெழுத்து. தேதி. பேனாவை மூடும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ரமா கையைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்னா, ஒரு நிமிஷம் சமையல் உள்ளுக்கு வாங்கோ."

போனேன். புடவைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதில் என் ஜாதகம். ஜாதகத்துக்குள் நாலாக மடித்த ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. மஞ்சளாகியிருந்தது, ஆனால் எழுத்து போகவில்லை. நோயாளி சீனிவாசராகவன், வயது எட்டு. அதற்குக் கீழே ஆபரேஷனின் பெயர், தெளிவாக.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எட்டு வயதில் எனக்கு ஒன்றுக்குப் போவதே வேதனையாகிவிட்டது. அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், டாக்டர் தோலை எடுத்துவிட்டார், சரியாகிவிட்டது. பத்து நாள் அப்பாவின் வேஷ்டியைச் சுற்றிக்கொண்டு காலை அகட்டி அகட்டி நடந்தேன். தெருப் பையன்கள் என்னடா என்று கேட்டார்கள். என்ன சொல்ல முடியும்? சிறுத்தை என்றேன். முதல் நாள் அது பூனையளவுதான் இருந்தது. பிறகு வளர்ந்துவிட்டது.

"இது உன்கிட்ட எப்படி வந்தது?"

"கல்யாணமாகி மூணாவது மாசம் உங்க அம்மா கொடுத்தார். ஜாதகத்தோட சேர்த்து வெச்சுக்கோன்னு."

"நாற்பத்தாறு வருஷமாவா வெச்சிண்டிருக்கே?"

"பழைய ரிக்கார்டை அழிக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"சிறுத்தைக் கதையை நான் நூறு தடவை சொல்லியிருக்கேன். ஒரு தடவைகூட நீ சிரிச்சதில்லையே."

"தளிகை பண்ணிண்டே கேட்டா சிரிப்பு வராது." சீட்டைப் பதமாக மடித்தாள். "இப்ப சொல்லுங்கோ. முன்னுதாரணத்தை ஹால்ல வெச்சுக் காட்டட்டுமா, இல்லை இங்கேயே பார்த்துட்டேளா?"

கோபம் உள்ளங்காலிலிருந்து கிளம்பி உச்சந்தலை வரை வந்து, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றது. ஒரு பக்கம் வம்சம். இன்னொரு பக்கம் சிறுத்தை. மூன்று நாளில் வீடு நிறைய ஜனம் வரப்போகிறது. பூங்காக் கூட்டம் மொத்தமும் வருகிறது.

"பார்த்துட்டேன்," என்றேன்.

ஹாலுக்குத் திரும்பித் தொண்டையைச் செருமினேன். "பழைய காலத்தில் ஒரு முன்னுதாரணம் இருப்பதாகத் தெரிய வருகிறது."

"யாருக்குப்பா?" என்றான் சுதீர்.

"விவரம் கரையான் அரித்துவிட்டது. என் ஆட்சேபணை வாபஸ். முடிவு பெற்றோருடையது."

ஃபைலில் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரமா ஃபைலை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சுதீர் பெருமூச்சு விட்டான். "நாங்க முந்தாநேத்தே முடிவு பண்ணியாச்சுப்பா. எடுக்கப்போறதில்லை. டாக்டர் பார்த்துட்டு இப்ப ஒரு தேவையும் இல்லைன்னுட்டார். பின்னாடி ஏதாவது தொந்தரவு வந்தா அப்ப பார்த்துக்கலாம்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"அம்மாதான் ரெண்டு நாள் பொறுத்துக்கோன்னா."

ரமாவைப் பார்த்தேன். அவள் அவரைக்கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் நிருபமா, இப்போது துப்பாக்கி இல்லாத குரலில். "அப்படியே பேர் விஷயத்தையும் சொல்லிடறோம். அத்வைத்."

அத்வைத். எங்கள் வீடு வைஷ்ணவ வீடு. ராமானுஜர் அத்வைதத்தை மறுத்து வாதம் செய்து ஆயிரம் வருஷமாகிறது. அன்றிலிருந்து என் முன்னோர் ஒவ்வொருவரும் அதே வாதத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடர்ந்து செய்துவந்திருக்கிறார்கள். அந்த வம்சத்தின் தொட்டிலில் ஒரு அத்வைத். நாற்பது பேரிடம் சொன்ன என் பெயர் என்ன ஆவது?

வாயைத் திறந்தேன்.

ரமா ஃபைலை ஒரு அங்குலம் தூக்கிக் காட்டினாள்.

வாயை மூடினேன். போகட்டும். பெயர் போனால் என்ன, சிறுத்தை பிழைத்ததே. காதறுந்த அந்த மிருகத்தை எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டு, டாக்டர் கொடுத்த காகிதத்தை மேஜையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். காகிதம் என்று இருந்தால் என்னால் படிக்காமல் இருக்க முடியாது. முந்தாநாள் தேதி. எல்லாம் சுதீரின் கையெழுத்து. நடுவில் ஒரு கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது முன்பு இந்த ஆபரேஷன் நடந்ததுண்டா என்று. உண்டு, தாத்தாவுக்கு, எட்டு வயதில் என்று பதில் எழுதியிருந்தான்.

காரணம் என்ற கட்டத்தில் மட்டும் கையெழுத்து மாறியிருந்தது. ரமாவின் குண்டு குண்டு எழுத்து, தமிழில்: "சிறுத்தை அல்ல."