பதினான்காம் எண் ஜோடி

மேடையேற முக்கால் மணி நேரமே இருந்தபோது, கிருபாசங்கரின் புது ஷூ தரையைவிட்டு நகர மறுத்தது.

சால்சா நடனத்தில் பாதி ஆட்டம் சுற்றுவதுதான். அவர் இடுப்பு வரைக்கும் நன்றாகவே சுற்றினார். பாதம் மட்டும் பசை தடவியதுபோல அங்கேயே நின்றது.

சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் பட்டறை வைத்திருப்பவர். வயது நாற்பத்தெட்டு. சர்க்கரை குறைய நடக்கச் சொன்னார் டாக்டர். நடப்பதற்குப் பதில் ஆடலாமே என்று சனிக்கிழமை நடன வகுப்பில் சேர்த்துவிட்டவள் மனைவி பிரவீனா. ஆறு மாதம் கழித்து, அவினாசி ரோட்டு மண்டபத்தில் நடக்கும் ஜோடி நடனப் போட்டிக்கு இருவர் பெயரையும் கொடுத்தவளும் அவள்தான்.

"ஏனுங்க, அடியில கொஞ்சம் பவுடர் போட்டுத் தேய்ங்க. வழுக்கும்," என்றாள்.

தேய்த்தார். வழுக்கியது. ஆனால் அவருக்கு அல்ல. சிந்திய பவுடரில் கால் வைத்த பிரவீனா, சால்சாவிலேயே இல்லாத ஓர் அசைவைச் செய்துவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தாள். கணுக்கால் பிசகிவிட்டது.

"அய்யோ, அம்மணி! வா, ஊட்டுக்குப் போயிரலாம்."

"ஆறு மாசமா உங்ககிட்ட மிதி வாங்குனது என்ற காலுங்க. ஆடாமப் போனா அதுக்கு என்ன மரியாதை?"

கிருபாசங்கர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்று, போட்டியை நடத்தும் ஜபருல்லா மாஸ்டரிடம் போனார்.

"ஜோடி இல்லாட்டி என்னங்க? சீட்டுக் குலுக்கற பிரிவு ஒண்ணு இருக்குது. யாரு வர்றாங்களோ அவங்களோட ஆடோணும். உங்க பேரை அதுல போட்டாச்சு."

"மாஸ்டர், அதுல எல்லாம் என்னாட்டம் புது ஆளுங்கதானுங்களே?"

"எல்லாரும் இருப்பாங்க. பெங்களூர்லருந்துகூட வந்திருக்காங்க."

கிருபாசங்கர் திரும்பி நடந்தார். பவுடர் போட்ட ஷூ இப்போது ஐஸ்கட்டிமேல் நிற்பதுபோல வழுக்கியது. பட்டறைக்காரர் பையில் எப்போதும் இன்சுலேஷன் டேப் இருக்கும். ஒயர் முடிச்சுக்குச் சுற்றுகிற அதே சிரத்தையோடு இரண்டு ஷூவுக்கும் அடியில் ஒட்டினார். வலது கால் வழுக்கியது, இடது கால் ஒட்டியது. இதைவிடப் பவுடரே தேவலை என்று அவர் நினைத்தபோது அவருடைய ஜோடி எண்ணை அறிவித்துவிட்டார்கள். பதினான்கு.

எதிரே வந்து நின்றவளைப் பார்த்ததும் அவர் ஓரடி பின்வாங்கினார். நீலச் சுடிதார், முப்பத்தைந்து வயதிருக்கும், நெஞ்சில் குத்திய அட்டையில் நித்யஸ்ரீ என்று இருந்தது. காலையில் மண்டபத்து மூலையில் அவள் ஆடிப் பழகியபோது, பக்கத்தில் பழகிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவரும்தான்.

ஷூவையே பார்த்தபடி முணுமுணுத்தார். "உண்மையச் சொல்லிப்போடறேனுங்க. எனக்கு வலது இடதே குழம்பும். நீங்க போங்க, நான் பொறத்தால வந்தர்றேன்."

நிமிர்ந்தபோது அவள் சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

பாட்டு தொடங்கியது. அவள் அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற ஜோடிகள் ஒரு சுற்று முடித்துவிட்டார்கள். எனக்காகக் காத்திருக்கிறாள், எவ்வளவு பெரிய மனசு என்று அவருக்கு நெகிழ்ந்தது. துணிந்து இடது காலை எடுத்து வைத்தார். அதே நொடியில் அவளும் புறப்பட்டாள்.

அதற்குப்பின் நடந்தது எல்லாம் தன்னுடைய கையில்தான் நடந்ததா என்று அவருக்கே நிச்சயமில்லை. தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினால், அதற்கடியில் அவள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திரும்பி வந்திருப்பாள். அவர் பிசகினால் அந்தப் பிசகும் ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டது. சரியாகக் காயில் கட்டிய மோட்டார், முதல்முறை சுவிட்சைப் போட்டதும் ஒரு சத்தமும் இல்லாமல் சுழலும். முப்பது வருடத் தொழிலில் அப்படி நாலைந்து வாய்த்திருக்கும். அப்போதெல்லாம் அவர் வேலையை விட்டுவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். இப்போதும் அப்படித்தான் இருந்தது. கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து டேப் பிரிந்து தரையோடு ஒட்டிக்கொண்டது. இடது கால் நின்றுவிட, உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. போச்சு என்று அவர் பல்லைக் கடித்தார். அவளோ அந்தச் சாய்விலேயே தானும் சாய்ந்து, தரையைத் தொட்டு எழுந்தாள். மண்டபம் விசிலடித்தது.

மூன்றாம் பரிசு.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரவீனா ஒற்றைக் காலில் குதித்தே வந்துவிட்டாள். அவள் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு கிருபாசங்கர் நித்யஸ்ரீயைத் தேடிப் போனார். அவளோடு அவளுடைய தங்கை பூஜிதா நின்றிருந்தாள்.

கிருபாசங்கர் இரண்டு கையையும் கூப்பினார். "நான் சும்மா நின்னேனுங்க. ஆடுனதெல்லாம் நீங்கதான். ஒரு இடத்துலகூடத் தாளம் தப்புலீங்களே, அது எப்புடிங்க?"

நித்யஸ்ரீ தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பூஜிதா விரல்களால் என்னவோ சொன்னாள். நித்யஸ்ரீயும் சிரித்துக்கொண்டே விரல்களால் பதில் சொல்லிவிட்டு, கிருபாசங்கரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"என்ன சொல்றாங்க?"

"அக்காளுக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காதுங்கண்ணா," என்றாள் பூஜிதா. "தாளம் பூராவும் உங்க கையிலருந்துதான் வந்துச்சாம்."