எனக்கு ஓடும், உன் சித்திக்கு ஓடாத மோட்டார்

மோட்டார்களின் மகாராணியும், நம் பரம்பரையிலேயே ஸ்குரூடிரைவரைச் சரியான பக்கம் பிடிக்கத் தெரிந்த முதல் ஜீவனும், என் அண்ணன் மகளுமாகிய உனக்கு,

உன் சித்தப்பா சகல ஆசிகளோடும் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். உன் சித்தி சுகம். அவள் முட்டி மட்டும் சுகமில்லை. உன் சுகத்துக்கும் உன் மேனேஜருடைய நல்ல புத்திக்கும் உடனே பதில் போடு. நிற்க. இனி நான் சொல்லப்போவதை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. உன் அப்பா நம்பமாட்டார். அவர் நான் பிறந்ததையே இன்னும் முழுசாக நம்பவில்லை. எழுதுகிற பேனாவே நடுநடுவே நின்று என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறது. ஆனாலும் சொல்கிறேன், எழுத்துக்கு எழுத்து நடந்தது.

நீதான் போனில் சொன்னாய்: "சித்தப்பா, மொட்டையா ஓடலைன்னு சொன்னா எனக்கு என்ன புரியும்? நீங்க என்ன பண்ணீங்க, அது என்ன பண்ணுச்சு, எல்லாத்தையும் ஒண்ணுவிடாம எழுதி அனுப்புங்க." ஒன்றுவிடாமல் என்று என்னிடம் சொன்னது உன் தப்பு. ஆதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். முப்பது வருஷம் தையல் மிஷினை மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டியைப் பார்த்த டாக்டர், "தையல் வேணுமா, முட்டி வேணுமா, ஒண்ணைச் சொல்லுங்கம்மா" என்றார். உன் சித்தி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "தையல்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது நின்றுபோயிருந்தது. அதற்குத்தானே நீ லீவு போட்டு வந்து, மிஷினின் மிதிபலகையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, மேசைக்கு அடியில் என் கைமுட்டி அளவுக்கு ஒரு மோட்டாரும், அதை ஓட்ட டிரைவர் என்று ஒரு பச்சை அட்டையும், கால்விரல் பட்டாலே போதும் என்று ஒரு குட்டி மிதியும் பூட்டி, நீயே ஒரு தரம் அழுத்தி, ஊசி பூனைபோல நடப்பதைக் காட்டிவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று பறந்தாய்.

போகிற போக்கில் வாசலில் நின்று நீ நடத்திய பாடமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த மோட்டாருக்குள் சென்சார் கிடையாது. சுற்றும்போது அதன் கம்பிச்சுருளில் துளி மின்சாரம் பிறக்கும், அதை மோப்பம் பிடித்துத்தான் டிரைவர் மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். மெதுவாகச் சுற்றினால் அந்தத் துளியும் இருக்காது, டிரைவருக்குக் கண் தெரியாது. அதனால் மிதியைத் தொட்டவுடன் முதலில் மோட்டாரை ஒரு கணம் இறுக்கிப் பிடித்து ஓர் இடத்தில் நிறுத்தும். பிறகு குத்துமதிப்பாக மெல்ல மெல்லத் தள்ளும். வேகம் வந்த பிறகுதான் கண் திறக்கும். சரிதானே? அதாவது, ஓடினால்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும், எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால்தான் ஓட முடியும். நீ சொன்னது மோட்டாரைப் பற்றியா என் மைத்துனரைப் பற்றியா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்.

நீ தெருமுனை தாண்டியிருக்கமாட்டாய், உன் சித்தி மாடிவீட்டுக் கணக்கு வாத்தியார் மகளின் கல்யாண உடுப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய உடுப்பு. மிதியைத் தொட்டாள். "ங்ஙீ…" என்று ஒரு முனகல். பிறகு ஒரு நடுக்கம். ஊசி அரை அடி முன்னால் போவதும் கால் அடி பின்னால் வருவதுமாக இழுபறி நடத்தி, துணிக்கு அடியில் நூலைக் குருவிக்கூடாகச் சுருட்டிவிட்டு நின்றது. மறுபடி தொட்டாள், மறுபடி முனகல். நாலாவது தடவை மிஷின் பின்பக்கமாகவே ஓட ஆரம்பித்தது பார், தைத்த தையலெல்லாம் தானே பிரிந்து, உடுப்பு துணியாகி, துணி நூலாகி, நூல் பஞ்சாகி, பஞ்சு ஜன்னல் வழியாகச் செடியைத் தேடிப் பறந்துவிட்டது. அதிர்ந்த அதிர்ச்சியில் மேசை தானாக நடந்து வாசற்படிவரை போய்விட்டது; காலில் செருப்பு இல்லாததால்தான் தெருவில் இறங்கவில்லை.

சத்தம் கேட்டு வாத்தியார் இறங்கி வந்தார். "சார், உள்ள யாருக்காவது பல் பிடுங்கறாங்களா?" என்றார். "இல்ல சார், உங்க பொண்ணு டிரெஸ்தான்" என்றேன். மனிதர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. சரி, நான் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஜென்மத்தில் ஒரு பட்டன் தைத்தவனில்லை நான். ஊசிக்குப் பயந்து இரண்டு கையையும் அக்குளுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, கட்டைவிரலால் மிதியைத் தொட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல ஓடியது! ஒரு முனகல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை.

"ஏங்க, என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"நீங்க ஒண்ணும் பண்றதில்லைன்னு முப்பது வருஷமா தெரியும். இப்ப என்ன பண்ணீங்க?"

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். "ங்ஙீ…" அவள் எழுந்தாள். நான் உட்கார்ந்தேன். வெண்ணெய். ஒரே நாற்காலி, ஒரே மிதி, ஒரே துணி. அவள் செருப்பை நான் போட்டுப் பார்த்தேன், என் செருப்பை அவள் போட்டுப் பார்த்தாள். கால் எடையில் வித்தியாசமோ என்று சமையலறைத் தராசில் ஆளுக்கொரு கால் வைத்துப் பார்த்தோம், தராசு காலமானது. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பியில் இரண்டை இடம் மாற்றினேன். எனக்கே பின்னால் ஓடியது. வேறு இரண்டை மாற்றினேன், முன்னால் ஓடியது. மூன்று கம்பியை எத்தனை தினுசாக மாற்றினாலும் உலகத்தில் முன், பின் என்று இரண்டே திசைதான் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். இதற்கு எந்த நாட்டிலாவது விருது கொடுக்கிறார்களா என்று விசாரித்து எழுது.

தெருமுனை வயர்மேனைக் கூப்பிட்டேன். மேசைக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே தலையை நீட்டி, "மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல சார். உங்களுக்கு ஓடுது, அம்மாவுக்கு ஓடலை. அப்போ அம்மாவைத்தான் மாத்தணும்" என்றார். உன் சித்தி கையில் கத்தரிக்கோல் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு டீ குடிக்காமலே போய்விட்டார்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். மிதி என் காலில், துணி அவள் இரண்டு கையில், இருவரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி. ஓடத்தான் ஓடியது. ஆனால் அவள் "போங்க" என்றால் நான் யோசித்துவிட்டுப் போகிறேன், "நில்லுங்க" என்றால் "ஏன்?" என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். விளைவு, மணப்பெண்ணின் உடுப்புக் கை என் சட்டையோடு சேர்ந்து தைக்கப்பட்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அப்போது வந்திருந்தால் என்னை அழைத்துக்கொண்டு போயிருப்பார்கள். பிரித்தெடுக்க ஒரு பகல் போயிற்று.

இன்று காலை உன் சித்தி சொன்னாள்: "போதுங்க. பழைய மிதிபலகையையே மாட்டிடுங்க. வாக்குக் குடுத்துட்டேன், அந்தப் பொண்ணு கடையில வாங்கினதைப் போட்டுட்டு நிக்கக் கூடாது. முட்டி போனா போகுது." சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்து போனாள். இந்த இடத்தில் மட்டும் எனக்கு வேடிக்கையாக ஒன்றும் எழுத வரவில்லை.

ஆகையால் மகளே, இந்தக் கண்ணில்லாத மோட்டார் என்மேல் மட்டும் காதல்கொண்டுவிட்டது என்று தீர்மானித்து, அதைக் கழற்றிப் பெட்டியில் கட்டி அனுப்புகிறேன். சென்சார் உள்ளதாக, உன் சித்தியைப் பிடிக்கக்கூடியதாக ஒன்று பார்த்து அனுப்பு. அதுவரை மிதிபலகையை நான் ஒளித்துவைக்கிறேன். நீ பல்லாண்டு வாழ்ந்து, தொட்டதெல்லாம் ஓடி, ஓடியதெல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, சகல சுகங்களும் பெறுவாயாக. உன் அப்பாவுக்கு என் வணக்கம், அவர் வாங்கிக்கொண்டால்.

இப்படிக்கு,
மோட்டாரின் மனம் கவர்ந்த உன் சித்தப்பா

பி.கு.: பெட்டியை எதிர்பார்க்காதே. கடிதத்தை உறையில் போட்டு நாக்கால் நக்கப்போகும் சமயம் போன் அடித்தது. கல்யாணப் பெண். "அத்தை, என் டிரெஸ் எந்த மட்டுக்கு வந்திருக்கு?" உன் சித்தி போனைத் தோளில் இடுக்காமல் வலது கையிலேயே பிடித்துக்கொண்டு, "தைச்சுக்கிட்டேதாம்மா இருக்கேன், சத்தம் கேக்கலையா?" என்று சொல்லி, அந்தப் பொய்க்குச் சாட்சியாக முனகலாவது கேட்கட்டும் என்று போய் மிதியைத் தொட்டாள். வெண்ணெய்! நான் உறையை விழுங்கியிருப்பேன். போனை வைத்தாள், மறுபடி தொட்டாள். "ங்ஙீ…" அப்போதுதான் பார்த்தேன் அந்த வலது கையை. மிதியைத் தொடுகிற அதே கணம், அது பாட்டுக்குப் போய் மிஷினின் கைச்சக்கரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு வருகிறது! பழைய மிஷினில் அப்படித் தட்டிவிட்டால்தான் சக்கரம் பின்னால் போகாமல் முன்னால் கிளம்பும். முப்பது வருஷப் பழக்கம். உன் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரைப் பிடித்து நிறுத்துகிற நேரத்தில் இவள் பின்னாலிருந்து தட்டினால், பாவம், அது எங்கே போகும்? "நான் எங்கங்க தட்டினேன்?" என்கிறாள், தட்டிக்கொண்டே. வேண்டாம் என்று கைக்குச் சொன்னாலும் கை கேட்கவில்லை. அதற்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ஆகவே இப்போது நான் அவளுக்கு வலப்பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தையல் கிளம்பும்போதும் அவள் வலது கை என் இடது காதைப் பிடித்துக்கொள்கிறது. ஊசி பூனைபோல நடக்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டுத் துணிக்குப் போகிறது. உடுப்பில் கழுத்து முடிந்துவிட்டது. முட்டி மடக்கியபடி சும்மா இருக்கிறது.

இவ்வளவையும் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, "மேசை எங்கங்க நடந்துச்சு?" என்று கேட்கிறாள். சரி, நடக்கவில்லை. பஞ்சு பறக்கவில்லை. தராசும் உயிரோடுதான் இருக்கிறது. ஒரே ஒரு சின்ன விஷயத்தில் மட்டும் நான் கைவைக்கவில்லை, நடந்தது நடந்தபடி: அந்தக் காது. சிவந்திருக்கிறது. இதோ, உடுப்புக் கை தைக்கக் கூப்பிடுகிறாள், போகிறேன்.