ஓசையில்லா டப்பாவுக்காக ஆர்லோ தொடுத்த போர்

வாழ்க ஆர்லோ டோர்கர்சன். மொன்டானா மலைச்சாரலில், பைன்மரக் காட்டுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் இடையே எழுந்தருளிய எங்கள் பிட்டர்க்ரீக் திருவூரின் பெருமகனும், பனி முழங்காலளவு கொட்டிய காலையிலும் பள்ளிப் பேருந்தைப் பள்ளத்தில் விடாத சாரதியும், லவான் எனும் நல்லாளின் கொழுநனும், கடையில் விற்கும் தோட்டாவைக் கனவிலும் தீண்டாத கற்புடை வேட்டுவனும், தொங்கு மீசையும் தொங்காத் தன்மானமும் ஒருங்கே உடையவனுமாகிய அவன் நீடு வாழ்க. அவன் துப்பாக்கி வாழ்க. அவன் முழங்கால் வலி மட்டும் ஒழிக.

திறப்பதும் மூடுவதும் தன் தொழிலெனக் கொண்ட மூடித்தெய்வமே, டப்பாக்களின் தலைவியே, இக்கதையைச் சொல்லத் துணிந்த என் நாவில் வந்து அமர்வாயாக. அமரும்போது சத்தம் போடாமல் அமர்க. சத்தத்தால் வந்த வினைதான் இக்கதை.

சென்ற ஆண்டு வேட்டைப் பருவத்தின் முதல் நாள். எல்க் எனப்படும் மாபெருங் கலைமான் ஒன்று, கொம்புக்காடு தலையிலசைய, குளம்போசை மெல்லெழ, ஆர்லோ பதுங்கியிருந்த மேட்டுக்கு எதிரே வந்து, இவனுக்காகவே தவங்கிடந்ததுபோல் விலாப்புறம் காட்டி நின்றது. மிருகம் கண்ணில் படும்வரை துப்பாக்கியில் தோட்டா இடுவதில்லை என்பது பேருந்து ஓட்டிய காலந்தொட்டு அவன் காத்துவந்த பாதுகாப்பு நெறி. ஆகவே அவன் மூச்சடக்கி, முழந்தாளூன்றி, மடியிலிருந்த பிளாஸ்டிக் தோட்டா டப்பாவைத் திறந்தான். மூடி 'டிக்' என்றது. அந்த டிக்கை ஆர்லோ கேட்கவில்லை. கலைமான் கேட்டது.

கேட்ட கலைமான் காற்றெனக் கிளம்பி, புதர் தாவி, சரிவிறங்கி, கீழே ஓடையோரம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த வெண்டல் ஸ்டாக்கியின் முன்னால் போய் நின்றது. வெண்டல் வேறு யாருமல்லன், லவானின் கூடப்பிறந்த அண்ணன், ஆர்லோவின் மைத்துனன், இக்கதையின் வில்லன். மேட்டிலெழுந்த 'டிக்'கை அவனும் கேட்டிருந்தான்; சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். அத்தோடு முடிந்தது.

அக்கலைமான் தொத்திறைச்சியாயிற்று. குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் வெண்டல் ஒரு பொட்டலத்தைத் தங்கை வீட்டுக்குத் தூக்கிவந்தான். ஆர்லோவின் உறைபெட்டியிலோ பட்டாணியும் பனிக்கட்டியும் தவிர வேறில்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லும் உரிமையை வெண்டலே எடுத்துக்கொள்வான். கண்ணை மூடி, கையைக் கூப்பி, குரலைக் குழைத்து ஜெபிப்பான்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. அத எங்கிட்ட ஓட்டி வுட்ட எங்க மாப்ள டப்பாவுக்கும் நன்றி. ஆமென். சாப்புடு மாப்ள, வெக்கப்படாத."

ஆர்லோ சாப்பிட்டான். தோற்றதைக்கூட அவன் பொறுப்பான். கடவுளிடம் கோள்மூட்டுவதை எப்படிப் பொறுப்பான்? அந்த டப்பாவை அவன் அன்றே ஓடையில் வீசிவிட்டான். வரும் பருவத்தில் சத்தமே இல்லாத டப்பா ஒன்றைக் கைக்கொண்டு கலைமானை வீழ்த்துவது, இல்லையேல் இன்னொரு குளிர்காலம் அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்வது, இரண்டிலொன்று என்று சூளுரைத்தான். சூளுரைத்தது கார் கொட்டகையில் என்பதால் யாரும் கேட்கவில்லை.

பருவம் நெருங்கியது. கார் கொட்டகையில் தோட்டா வேள்வி தொடங்கியது. பித்தளைக் கூடுகளைக் கழுவி, துடைத்து, மெருகேற்றி, அடியில் வெடிப்பொட்டுப் பதித்து, பொன் நிறுக்கும் தட்டானும் நாணும்படி மருந்தை அரிசிநொய்யளவும் பிசகாது நிறுத்தூற்றி, செம்பு போர்த்த குண்டைத் தலையில் சூட்டி, நெம்புகோலை இழுத்து ஒவ்வொன்றாய் அவன் ஈன்றெடுத்தான். ஈன்றெடுத்தான் என்பது மிகையன்று. லவான் முதற்பிள்ளை பெற்றபோதுகூட அவன் நெற்றியில் இத்தனை வியர்வை இல்லை. இப்படிப் பெற்ற மக்களுக்கு ஒரு வீடு வேண்டாமா?

வீட்டிலிருந்த பாத்திரங்களெல்லாம் அவன் முன் வரிசையில் நின்று தேர்வெழுதித் தோற்றன. காப்பித் தகரம் உள்ளே கலகலத்தது. ஐஸ்கிரீம் வாளி தோட்டாக்களுக்கு மிகப் பெரிதாய் இருந்தது. லவானின் கேக் டப்பாவைத் தொடப் போனான். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான்.

ஆகவே சனிக்கிழமை காலை, தன் பழைய லாரி என்னும் தேரேறி, பின்சக்கரம் புழுதி கிளப்ப, ஊர்நடுவே தீவன மூட்டையும் வேலிக்கம்பியும் வேட்டைச் சாமானும் விற்கும் பெர்னிஸின் கடையை ஆர்லோ முற்றுகையிட்டான். அங்கே, கடைக்கோடியில், நாற்படையும் அணிவகுத்தாற்போல் தோட்டாப் பெட்டிகள் தட்டுத்தட்டாய் நின்றன. ஈரம் புகாத ரப்பர் விளிம்பணிந்த இராணுவப் பச்சை இரும்புப் பெட்டிகள், மூலைக்குப் பித்தளை பூட்டிய மரப்பெட்டிகள், இடுப்பில் கட்டும் தோலுறைகள், சிவப்பும் நீலமும் புகைநிறமுமாய்க் கண்ணாடிபோல் மின்னும் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஆர்லோ தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். போர் தொடங்கியது.

இரும்புப் பெட்டியின் கொக்கியை இழுத்துவிட்டான். 'தடால்' என்று சிறைக்கதவுபோல் முழங்கிற்று. போ, என்று ஒதுக்கினான். மரப்பெட்டி 'தொம்' என்றது. அதையும் ஒதுக்கினான். தோலுறை அடித்தொண்டையில் முனகிற்று. அது பெரிய முனகலன்று, மாடு படுக்கும்போது விடுவதில் பாதி. ஆயினும் ஆர்லோவின் செவி அதைப் பிடித்தது, பிழை பொறுக்கவில்லை. இவ்வாறு எதிர்ப்பட்டதையெல்லாம் வீழ்த்தி வீழ்த்தி முன்னேறியவன், நீலநிறப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையிலெடுத்துக் காதருகே வைத்து, திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான், மூடினான். ஒன்றும் கேட்கவில்லை. தேவலோகத்து அமைதி.

கல்லாவுக்கடியில் உறங்கிக்கிடந்த பெர்னிஸின் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

இங்கே ஊரறிந்த இரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் ஆயுள் முழுக்கத் துப்பாக்கி வெடித்ததில் ஆர்லோவின் செவிகள் பாதி வேலையை ராஜினாமா செய்திருந்தன. தடித்த ஓசை உள்ளே வரும். மெல்லிய, கூரிய ஓசை வாசலோடு திரும்பிவிடும். இது அவனுக்கு மட்டும் தெரியாது. ஆகவே கேட்டதையெல்லாம் தள்ளி, கேளாததைத் தேடிய அப்பெருமகன், கடையிலேயே கூர்மையாய் 'டிக்'கென்று அலறும் டப்பாவைத் துல்லியமாய்த் தேர்ந்தெடுத்திருந்தான்.

அந்நேரம் பார்த்து, ஆணி வாங்க வந்த வெண்டல் அந்தப் பக்கம் வந்தான். மாப்பிள்ளையின் கையைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். அதன் ஓசையையும் கேட்டான். உறைபெட்டி நிறைய அடுத்த வருடத்துத் தொத்திறைச்சி அவன் கண்முன் தோரணம் கட்டியது.

"எங்க, இன்னொரு தடவ மூடு மாப்ள," என்றான் வெண்டல், தன் கட்டைக் குரலில்.

ஆர்லோ மூடினான்.

"ஊசி விழுந்த சத்தம்கூட இல்லியே. பஞ்சுல செஞ்ச மாதிரி இருக்கு."

கல்லாவிலிருந்து பெர்னிஸ் தன் கீச்சுக் குரலில் கத்தினாள். "வெண்டல், உனக்கு நரகத்துல தனி ரூமு போட்டு வெச்சிருக்காங்க, போ."

"என்ன சொல்றா?" என்றான் ஆர்லோ.

"டப்பா நல்லாருக்குன்னு சொல்றா."

ஆர்லோ நிமிர்ந்தான். மலையுச்சியில் கொடி நாட்டிய மன்னவன்போல் டப்பாவை உயர்த்திப் பிடித்தான். 'பகை ஒழிந்தது, பழி தீர்ந்தது, இனி இக்கானகமும் அதில் உலவும் கலைமான் குலமும் எம் குடைக்கீழ் அடங்குவதாக' என்று பொருள்படும்படி, "இதுக்கே பில் போடு பெர்னிஸ்," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் தோட்டாக்களை ஒவ்வொன்றாய்த் துடைத்து, முனை கீழே பார்க்க அறைக்கொன்றாய்க் குடியேற்றி, மூடிமேல் நாளெழுதிய காகிதத்தை ஒட்டி, ஆர்லோ டப்பாவை மூடினான். மகிழ்ச்சி தாளாமல் திறந்து மறுபடி மூடினான். கீழறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த லவானின் குரல் மேலே வந்தது.

"ஆர்லோ, என்ன உடைஞ்சுது?"

இன்னொரு 'டிக்'.

"ஆர்லோ, உன்னத்தான்."

துணிக்கூடையை இடுப்பிலேந்தி, படியேறி, முகம் சிவக்க அவள் வந்தாள். கணவன் மேசையருகே அமர்ந்து, குழந்தைபோல் சிரித்தபடி, டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"அது என்ன சத்தம்?"

"எது?"

"நீ இப்பப் பண்ணினது."

"இதுவா? இதுல சத்தமே கெடையாது லவான். வெண்டலே சொல்லிட்டான். பாரு." மூடினான்.

லவான் கூடையைக் கீழே வைத்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டு அவன் முதுகுப்புறம் போய், இடக்காதருகே மூடினாள். அவன் சிரிப்பு மாறவில்லை. வலக்காதருகே மூடினாள். மாறவில்லை. பிறகு, மெதுவாக, தன் மெல்லிய குரலில், "ஆர்லோ, நான் பேசறது கேக்குதா?" என்றாள். அவன் சன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காவியம் பாடுகிறவனும் இங்கே கொஞ்சம் நிறுத்தத்தான் வேண்டும். அவள் சுற்றி வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் கூப்புடறப்பல்லாம் நீ வேணும்னே திரும்பாம இருக்கேன்னு நெனச்சேன்," என்றாள். "பாத்திரம் கழுவக் கூப்புட்டா வரமாட்டான், பேச்சுக் குடுத்தா பேசமாட்டான், எம்மேல ஆசையே போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"எப்பக் கூப்புட்ட?" என்றான் ஆர்லோ.

லவான் அழுதாள். ஆர்லோவுக்கும் விளங்கத் தொடங்கியது. கூச்சமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாள் அவள் எவ்வளவு பேசியிருப்பாள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டான்.

பிறகு லவான் கண்ணைத் துடைத்தாள். "இந்த டப்பாவ எடுக்கறப்ப வெண்டலும் பக்கத்துலதான் இருந்தானா?"

"ஆமா. பஞ்சுல செஞ்ச மாதிரின்னு சொன்னான்."

எழுந்தாள் லவான். கூந்தல் குலைய, துணிக்கிளிப் மாலை மார்பிலசைய, சோப்புநுரை முழங்கையில் வெண்கடகமெனச் சுற்ற, அடுப்பங்கரையே நடுங்க நின்றாள். உடன்பிறந்த பாசம் ஓடிற்று. ஊர்ப்பெண்கள் அனைவரின் கோபமும் அவள் புருவத்தில் வந்து குடியேறிற்று. அவள் உரைத்த வஞ்சினம் வருமாறு.

"அவன் எதுல தோட்டா வெச்சுக்கிறான் தெரியுமா? கிறிஸ்மஸுக்கு நான் பின்னிக் குடுத்த கம்பளி சாக்ஸ்ல. உனக்கும் ஒரு ஜோடி குடுத்தேன். இந்த வருசம் நீயும் அதுலயே வெச்சுக்கோ."

"அப்ப டப்பா? திருப்பிக் குடுத்துடவா?"

"வேண்டாம். அது எனக்கு வேணும்."

பருவத்தின் முதல் நாள் விடிந்தது. பழையபடி ஆர்லோ மேட்டில், வெண்டல் ஓடையோரத்தில். மேட்டுமேல் 'டிக்' எப்போது எழும் என்று வெண்டல் செவிதீட்டிக் காத்திருந்தான். எழவில்லை. மேலே ஆர்லோவின் மடியில் சாம்பல்நிற சாக்ஸ் ஒன்று பூனைக்குட்டிபோல் படுத்திருந்தது. வெயிலேறியது. தண்ணீர் தேடி, மேட்டைச் சுற்றி, பெருங்கலைமான் ஒன்று ஓடைப்பக்கம் வந்தது. ஐயகோ, ஊழ்வினையே, இவ்வாண்டும் அது வெண்டலின் பக்கமே நடந்தது. வெண்டல் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான்.

அப்போது, அவன் முதுகுக்குப் பின்னால், ஓடைக்கு அக்கரையில், லாரியோரம் மடக்கு நாற்காலியில் ஆரஞ்சுச் சட்டையணிந்து பின்னலூசியோடு வீற்றிருந்த லவான், மடியிலிருந்த நீல டப்பாவைக் கையிலெடுத்தாள். வெற்றிமுரசே, வீரசங்கே, பில் போட்டு வாங்கிய பிளாஸ்டிக்கே, உன்னை அவள் மூடினாள். திறந்தாள். மீண்டும் மூடினாள். 'டிக், டிக்' என்று மலைமுகடு மறுமொழி சொன்னது. கலைமான் தலை தூக்கிற்று, திரும்பிற்று, புயலெனப் பாய்ந்து, மேட்டைத் தாண்டி, ஆர்லோ இருந்த சரிவில் இறங்கி, இரைத்தபடி விலாப்புறம் காட்டி நின்றது. ஆர்லோ சாக்ஸுக்குள் கைவிட்டான். காடே மூச்சடக்கியது. கம்பளி முனகவுமில்லை.

ஒரே வெடி. தடித்த ஓசையாதலால் அது ஆர்லோவுக்கும் கேட்டது.

"லவான்," என்று கீழே ஓடையோரத்திலிருந்து வெண்டல் கூப்பிட்டான். "நீ எந் தங்கச்சிதான?"

லவான் பின்னிக்கொண்டிருந்தாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பனி விழுந்தது. உறைபெட்டி நிறைந்தது. முதல் ஞாயிறன்று வெண்டல் வெறுங்கையோடு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். காதுக்குப் பின்னால் புதுக் கருவி மாட்டிய ஆர்லோ, தொத்திறைச்சித் தட்டைக் கொணர்ந்து, அரியணை ஏற்றுவதுபோல் மேசைநடுவே வைத்து, அதனருகே நீல டப்பாவையும் வைத்து, இவ்வாண்டு ஜெபம் தானே சொல்வதாக அறிவித்து, கைகூப்பி, கண்மூடி, படைத்தவனுக்கும், பைன்மரக் காட்டுக்கும், கம்பளி தந்த செம்மறிக் குலத்துக்கும், கடையில் நின்று நல்வாக்கருளிய மைத்துனனுக்கும், மைத்துனனை விடுத்துக் கொண்டவனைத் தேர்ந்த மனையாளுக்கும், ஒருவரையும் விடாமல், ஒருபொழுதும் அவசரப்படாமல், தட்டிலிருந்து ஆவி அடங்கும்வரை நன்றி நவின்று, இறுதியில் டப்பாவைத் திறந்து, முதன்முறையாக அந்த ஓசையைத் தன் காதாலேயே கேட்டுத் துணுக்குற்று, லவானைப் பார்த்துச் சிரித்து, ஆமென் என்றான்.

வெண்டல் தொத்திறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கடுகு சாஸை எடுத்துத் தரச் சொன்னான்.