மேலே மிதப்பது எனக்கு

மருந்துக் குப்பியின் மேல் விற்பவர் பெயர் இருக்கும். ஊர்ப் பெயர் இருக்கும். சிலவற்றில் மயிலோடு முருகனும் இருப்பார். அடுப்படியில் வெந்து தைலம் வடித்தவள் பெயர் மட்டும் இராது. ஆகவே அதை முதலில் எழுதுகிறேன்: வடிவம்மாள், தென்காசி.

அவள் கணவர் தளவாய். பத்தாண்டுகளாக அவள் வடித்த எலுமிச்சைப்புல் தைலத்தைத் தம் பெயரில் விற்றவர். அடுப்பிலேற்றித் தைலம் வடிக்கும் வாலைப் பானையின் அருகே ஒரு நாளும் வியர்த்தறியாதவர். 1938 சாரல் பருவத்தில் குற்றாலத்துக் கண்காட்சியில் கிருமிகொல்லித் தைலத்துக்குப் போட்டி வைத்தார்கள். வெல்லும் பெயருக்கு ஆஸ்பத்திரிக் கொள்முதல். எல்லோர் முன்னும் வடித்துக் காட்டவேண்டும். ரசாயனம் படித்த பள்ளி ஆசிரியை என்று என்னை நடுவராக்கினார்கள்.

வடிவம்மாள் மலைத்தோட்டத்துக் கிராம்பை வாலையிலிட்டு வடித்தாள். நீரும் தைலமுமாக இறங்கிக் கண்ணாடிச் சாடி நிறைந்தது. தளவாய் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

“டீச்சரம்மா, எம்பேரை எழுதிக்கிடுங்க.”

“அப்பம் எம்பேரு?” என்றாள் அவள்.

“உனக்கு எதுக்குட்டி பேரு? நான் ‘ஏட்டி’ன்னு கூப்பிடுதது போதாதா?”

“போதாது. பங்கு வையுங்க. ஆளுக்கொரு குப்பி. எது ஜெயிக்குதோ அவுக பேரு.”

“சரி. மேல மிதக்கது எனக்கு. கீழ கெடக்க கசடு உனக்கு.”

“பொறவு மாத்திப் பேசப்பிடாது.”

“தளவாய் பேச்சு மாறுவானா? டீச்சரம்மா, எழுதிக்கிடுங்க!”

எழுதிக்கொண்டேன். புல் தைலம் நீரில் மிதக்கும். கிராம்புத் தைலத்தின் பெரும்பகுதி யூஜினால். கிருமியைக் கொல்வதும் அதுவே, நீரைவிடக் கனத்து அடியில் தங்குவதும் அதுவே. சென்னைக் கல்லூரியில் மூன்றாண்டு செலவழித்து நான் கற்றதை, தளவாய் கடையம் போயிருந்த ஒரு பகலில் அவள் வடித்துப் பார்த்தே கண்டிருந்தாள். நடுவர் வாய் திறக்கலாகாது. அந்த மௌனத்தைப் போல் வேறெந்தக் கடமையையும் நான் இன்பமாகச் செய்ததில்லை.

தளவாய் அகப்பையால் மேலாக மொண்டார். கிடைத்தது வாசனைத் தண்ணீர். வாசனை பலமாக இருந்ததால் அவருக்கு ஐயம் எழவில்லை. மிச்ச நீரை இறுத்துக் கொட்டிவிட்டு, அவள் ‘கசடை’ எடுத்துக்கொண்டாள்.

இரண்டு கிண்ணங்களில் ஆட்டெலும்புச் சாறு. ஆளுக்குப் பத்துச் சொட்டு. மூன்றாம் நாள் மூடிகளைத் திறந்தேன். அவருடைய கிண்ணம் பூசணம் பூத்து நாறியது. முன்வரிசைக் கனவான்கள் எழுந்து அருவிப் பக்கம் ஓடினார்கள். அவளுடைய சாறு கெடவில்லை, கிராம்பு மணத்தது.

“ஏட்டி, கசடுல என்ன மாயம் வச்ச?”

“நானா வச்சேன்? நீங்கள்லா பங்கு வச்சுக் குடுத்திய!”

கொள்முதல் வடிவம்மாள் பெயருக்கு எழுதப்பட்டது. குப்பிகளில் அவள் பெயர் அச்சாயிற்று; மயில் தேவைப்படவில்லை. இரண்டே ஆண்டில் இன்னும் இரண்டு வாலைகள் வாங்கினாள். நான்கு பெண்களை வேலைக்கு வைத்தாள். விறகு தள்ளத் தளவாயையும் வைத்துக்கொண்டாள்.