லேட் ராஜமாணிக்கத்தின் காசுகள்

மீன் மார்க்கெட்டில் விற்ற மீனை என்ன செய்வது என்ற குழப்பமே கிடையாது. பணம் கைமாறியதும் மீன் பைக்குள் போய்விடும். பலகையில் கொஞ்சம் செதிலும் ஈரமும்தான் மிச்சம். இணையத்தில் பழைய நாணயம் விற்பவருக்குத்தான் இந்தத் தலைவலி. காசு போய்விடும், அதன் படம் போகாது. விற்றதைத் தளத்திலிருந்து நீக்குவதா, வைத்திருப்பதா என்று நாணய வியாபாரிகள் கூடினால் இன்றைக்கும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். நான் மட்டும் வாய் திறப்பதில்லை. இரண்டையும் செய்து பார்த்து, இரண்டாலும் ஒரே மனிதரைக் காயப்படுத்தியவள் நான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் கொல்கத்தாவில், சால்ட் லேக் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். கணவர் பாஸ்கருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மகள் கயல் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே காசு சேர்க்கும் பழக்கம் உண்டு. இரண்டையும் முடிச்சுப் போட்டதில் பிறந்தது என் நாணயக் கடை.

விற்ற காசுகளை நான் எடுக்கவே மாட்டேன். ஒவ்வொன்றின் மேலும் குறுக்காக, ரத்தச் சிவப்பில், விற்றாயிற்று என்று ஒரு முத்திரை. கீழே விற்ற விலை. கொஞ்ச நாளில் தளத்தில் வாங்கக் கிடைப்பதைவிட வாங்க முடியாததே அதிகமாகிவிட்டது.

"சாப்பிட்டு முடிச்ச சந்தேஷுக்கெல்லாம் போட்டோ மாட்டி வெச்ச மிட்டாய்க்கடை மாதிரி இருக்கு," என்றார் பாஸ்கர்.

"உங்களுக்கு வியாபாரம் தெரியாது. இவ்வளவு வித்திருக்கேன்னு பார்த்தாத்தான் புதுசா வர்றவங்களுக்கு நம்பிக்கை வரும்," என்றேன். (நம்பிக்கையாவது ஒன்றாவது. பெருமை! தினம் காலையில் காபியோடு உட்கார்ந்து அந்தச் சிவப்பு முத்திரைகளை நானே ரசித்துக்கொண்டிருப்பேன்.)

அப்படி ஒரு நாள்தான் செந்தில் வந்தான். டாலிகஞ்சில் வீடு, வயது இருபத்தைந்து இருக்கும். பிறந்ததிலிருந்து கொல்கத்தா என்பதால் அவன் தமிழ் வங்காளத்தில் முக்கியெடுத்ததுபோல இருக்கும்; அப்பா அவனுக்கு பாபா, அக்கா தீதி. கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே தாளில் மடித்து மடித்து வைத்த காசுகள். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்த அவன் அப்பா ராஜமாணிக்கம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை. அதில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வெளியிட்ட ஒரு செப்புக்காசு, விளிம்பில் சின்ன வெட்டோடு, அவ்வளவு அழகாக இருந்தது.

"பாபா இனிமே இதெல்லாம் பாக்க மாட்டாரு, தீதி," என்றான். கண் கலங்கியிருந்தது.

"ஐயோ! எப்ப ஆச்சு?"

"போன மாசம். பாத்ரூம்ல விழுந்துட்டாரு."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"ரொம்ப, தீதி."

இதற்கு மேல் ஒரு நல்ல மனுஷி என்ன கேட்பாள்? 'செத்துப்போய்விட்டாரா' என்றா கேட்க முடியும்? (பையன் தலையில் முடி நிறைய இருந்தது. மொட்டை போடவில்லையே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. இந்தக் காலத்துப் பிள்ளை, அதுவும் கொல்கத்தாவில் வளர்ந்தவன் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.) பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். அவன் போன பிறகு, இறந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா என்று அந்தக் காசுகளுக்கெனத் தனிப் பக்கம் திறந்து, சுற்றிலும் கறுப்புக் கரை கட்டி, 'லேட் ராஜமாணிக்கம் அவர்களின் சேகரிப்பிலிருந்து' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டேன்.

அமோக விற்பனை. இறந்தவர் சேகரிப்பு என்றால் ஒரு தனிக் கிராக்கி. டேனிஷ் காசை டென்மார்க்கிலிருந்தே ஒருவர் வாங்கினார். பக்கம் முழுக்கச் சிவப்பு முத்திரை.

சில வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, போன் அடித்தது.

"வணக்கம். லேட் ராஜமாணிக்கம் பேசறேன்."

குரல் கொஞ்சம் குழறியது. எனக்குப் புரியவில்லை. "பரவால்ல சார், லேட்டானா என்ன? யாரு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

மறுமுனையில் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "ஞாயித்துக்கிழமை டாலிகஞ்சுக்கு வாம்மா. நேர்ல பேசணும்," என்று விலாசம் சொல்லி வைத்துவிட்டார். விலாசத்தை எழுதி முடித்து, அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் பேசியது யார் என்று எனக்கு உறைத்தது.

உடனே கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தேன். பக்கத்தை அழித்தேன். படங்களை அழித்தேன். மிச்சம் எங்காவது ஒளிந்திருக்குமோ என்று தேடித் தேடி, மூலப்படங்களையும் அழித்தேன். கொலை நடந்த இடத்தைக் கழுவிவிடுகிறவளின் அவசரம்.

"அவரு எடுக்கச் சொன்னாரா?" என்று கேட்டார் பாஸ்கர்.

"சொல்லணுமா? வேற எதுக்குக் கூப்பிடுவாரு?"

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் டாலிகஞ்ச் போனோம். வழியெல்லாம் மன்னிப்பு வாசகங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ராஜமாணிக்கம் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல மடியில் கிடந்தது. பக்கவாதம். அவர் மனைவி சரோஜா அம்மா டீ கொண்டு வந்தார். செந்தில் கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உக்காரும்மா," என்றார் பெரியவர். "நீதான் எனக்குக் கருமாதி பண்ணினவளா?"

"சார், நான் தப்பா..."

"இரு. விசாகப்பட்டினத்துல எனக்கொரு சிநேகிதன். அவனும் காசு சேக்கறவன். உன் தளத்துல என் பேரப் பார்த்துட்டு, வீட்டுக்காரிக்கு ஆறுதல் சொல்ல போன் பண்ணினான். எடுத்தது நான். என் குரலக் கேட்டு அழுதுட்டான் பாவம். சந்தோஷத்துல இல்ல, பயத்துல."

பாஸ்கர் சிரிப்பை அடக்க டீயை வேகமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். பெரியவர் சிரிக்கவில்லை.

"அப்பறந்தான் அலமாரியத் தொறன்னேன். காசெல்லாம் பேங்க் லாக்கர்ல இருக்குன்னா இவ. இந்தப் பயலும் அதையே சொன்னான். வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பொணத்துக்கு மட்டுந்தான் யாரும் சொல்லல."

"பாபா," என்றான் செந்தில் தலை நிமிராமல். "அட்வான்ஸ் கட்டினாத்தான் மேல பாப்போம்னாங்க ஹாஸ்பிடல்ல. நான் என்ன செய்யறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?"

"எப்படிக் கேக்கறது? அப்ப உங்களுக்கு என் பேரே தெரியல."

பக்கத்து வீட்டில் யாரோ ஹார்மோனியம் பழகிக்கொண்டிருந்தார்கள். நல்ல செய்தி ஒன்று கைவசம் இருக்கும்போது ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று தோன்றியது. (வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.)

"சார், நீங்க கவலையே படாதீங்க," என்றேன். "நீங்க போன் பண்ணின அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டேன். ஒரு படம்கூட இல்ல. இனிமே யாராலயும் பார்க்கவே முடியாது."

பரிசு வாங்கிய பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அழிச்சுட்டியா?"

"மொத்தமா, சார்."

அவர் வலது கையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். "அதான் வியாழக்கிழமை வரல," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

எனக்கு விளங்கவில்லை. சரோஜா அம்மாதான் சொன்னார். "டாக்டர் தினம் நடக்கச் சொன்னாரும்மா. இவரு வாசப்படி தாண்ட மாட்டேன்னுட்டாரு. எவ்வளவு கெஞ்சியும் கேக்கல. அந்த சிநேகிதரு போன் பண்ணினப்பறம்தான் தெருமுனை சைபர் கஃபேக்கு நடக்க ஆரம்பிச்சாரு. காலைல கம்ப ஊனிக்கிட்டு அவரா போவாரு. உன் பக்கத்தத் தொறந்து ஒவ்வொரு காசா பாத்துட்டு வருவாரு. வியாழக்கிழமை ஒண்ணும் வரலன்னதும் மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஒவ்வொரு மெஷினா மாறி உக்காந்து பாத்திருக்காரு. அதுலேருந்து வெளிய காலே வெக்கல."

"லேட்டுன்னு போட்டிருந்தியே, அந்த ஒத்த வார்த்தைய எடுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றார் பெரியவர். "வெலையையும் எடு. அந்தச் செவப்பையும் எடு, பாத்தா வயிறு எரியுது. படத்த யாரும்மா எடுக்கச் சொன்னா?"

மெட்ரோவில் மனப்பாடம் செய்த ஒரு வாசகமும் இதற்குப் பொருந்தவில்லை. திரும்பும் வழியில் பாஸ்கர் என்னைக் கேலி செய்யவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

பிறகு ஆரம்பித்தது பிச்சையெடுக்கும் படலம். அலுவலகத்தில் பீற்றிக்கொள்ள பாஸ்கருக்கு நான் கொடுத்திருந்த சிடி ஒன்றில் சில படங்கள் கிடைத்தன. மற்றதற்கு, வாங்கினவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினேன்: 'உங்களுக்கு விற்ற காசைத் தயவுசெய்து படம் எடுத்து எனக்கே அனுப்புங்கள்.' புத்தி பேதலித்தவள் என்று சிலர் பதிலே போடவில்லை. திருட்டுக் காசோ என்று பயந்து ஒருவர் வக்கீலைக் கலந்துகொண்டார். டென்மார்க்காரர் மட்டும் இரண்டு பக்கமும், விளிம்பின் வெட்டும் தெரிய, என்னுடையதைவிட நன்றாகப் படம் எடுத்து அனுப்பினார். காசைத் திருப்பித் தருவீர்களா என்றதற்கு மட்டும் மரியாதையாக மறுத்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் செந்தில் வந்து என்னோடு உட்கார்ந்துகொள்வான். ஒவ்வொரு காசும் எங்கே, எப்படிக் கிடைத்தது என்று அப்பா சொல்வதை எழுதிக்கொண்டு வருவான். வீட்டில் இருவரும் அதைத் தவிர வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை. "சோறு சாப்பிட்டியான்னுகூடக் கேக்க மாட்டாரு தீதி. செப்பா வெள்ளியான்னு மட்டும் கேப்பாரு," என்றான். பக்கம் மறுபடி வந்தது. கறுப்புக் கரை இல்லை, விலை இல்லை, சிவப்பு இல்லை. 'இப்போது வேறொருவரிடம் இருக்கிறது' என்று அடியில் சின்னதாக ஒரு வரி. அது அவர் சொன்ன வாசகம். பெரியவர் கம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் தெருமுனைக்கு நடந்தார்.

பாதிக் காசுகளுக்குக் கடைசிவரை படம் கிடைக்கவில்லை. அவை இருந்த இடத்தில் பெயரும் விவரமும் மட்டும் போட்டு, கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். அந்தக் காலிக் கட்டங்களையும் அவர் நிறுத்தி நிதானமாகப் பார்ப்பார் என்று செந்தில் சொன்னான். அடுத்த குளிர்காலத்தில் இரண்டாவது தடவை வாதம் வந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை. செந்தில் படங்களைத் தாளில் அச்செடுத்துக் கட்டிலுக்கு எடுத்துப் போனான். சித்திரைக்கு முன் போய்விட்டார்.

இதனால் எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. அப்பாவின் காசு, தாத்தாவின் காசு என்று யார் எதைக் கொண்டு வந்தாலும், சொந்தக்காரரின் குரலைக் கேட்காமல் தொடமாட்டேன். "உங்கப்பா இருக்காரா? இருந்தா அவர்கிட்ட போனக் குடுங்க," என்பேன். இல்லை என்று சொன்னால், "இல்லைன்னா எப்படி இல்லை?" என்று கேட்பேன். இப்படிக் கேட்டே சில நல்ல சேகரிப்புகளை இழந்திருக்கிறேன். வீட்டில் இது பெரிய கேலி. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் கயல் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

கயல் தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பையனை முதல் தடவையாக வீட்டுக்கு அழைத்து வந்தபோதும் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பேச்சுவாக்கில் அவன், "எங்கப்பா ஊர்ல இருக்காரு ஆன்ட்டி, முட்டி வலியால வர முடியல," என்றான். கயல் சட்டென்று அவன் போனை எடுத்து எண்ணைப் போட்டு என்னிடம் நீட்டினாள். "இந்தாம்மா, இருக்காரான்னு பேசிப் பாத்துக்கோ." பாஸ்கர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் போனை வாங்கி, மறுமுனையில் ஒரு மனிதர் இருமிவிட்டு "ஹலோ" என்று சொன்ன பிறகுதான் காபி போட எழுந்தேன்.