அறுபத்துமூன்று மதிப்பெண் பெற்ற நீர்மூழ்கித் தளம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நான் நலம். உங்கள் அத்தை என்னோடு பேசி மூன்று நாளாகிறது என்பதால் அவள் நலமா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. நீங்களும் மகளும் குழந்தையும் ஒரு குறையுமின்றி இருக்கவேண்டும். நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்குப் பேச்சு வழிமாறிப் போய்விடும். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்தி விடுகிறேன்.

1. அறிக்கைக்கு நான் மதிப்பெண் போட நேர்ந்தது.
2. அது வீட்டைவிட்டு வெளியே போனது.
3. கூட்டத்தில் நடந்தது.
4. மதிப்பெண் போட்டதில் நான் மாமனாராக நடந்துகொள்ளவில்லை என்பது.
5. ஐந்தாவது ஒன்று இருந்தது. நினைவு வந்தால் சேர்க்கிறேன்.

கடற்படை நம் துறைமுகத்தைத் தூர்வாரி நீர்மூழ்கிக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் கடலுக்கு என்ன ஆகும் என்று உங்கள் அலுவலகம் ஆராய்ந்து எழுதிய அறிக்கையை எனக்குக் கூரியரில் அனுப்பியிருந்தீர்கள். ஏழாம் அத்தியாயம், அதாவது தோண்டிய மண்ணைப் பற்றியது, தாங்கள் எழுதியது என்பதில் எனக்குள்ள பெருமையைச் சொல்லி மாளாது. கண்ணாடி அலமாரியில் வைக்கத்தான் அனுப்பினீர்கள், படிப்பதற்கல்ல என்று மகள் பிறகு சொன்னாள், முன்பே சொல்லியிருக்கலாம். கல்லூரியில் தர்க்கம் கற்பித்துக் காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவன் கையில் பத்து அத்தியாயம் கிடைத்தால் என்ன ஆகும்? சிவப்புப் பென்சில் தானாக வந்துவிட்டது. அத்தியாயத்துக்குப் பத்து வீதம் நூறு. உங்கள் அத்தை எட்டிப்பார்த்து, "ஏங்க, மாப்பிள்ளை அனுப்பினதுலயா கிறுக்கறீங்க?" என்றாள். "கிறுக்கலை, திருத்தறேன்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று போய்விட்டாள். நீர்மூழ்கிகள் நீருக்குள் இருப்பதால் கடற்கரையின் அழகு கெடாது என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தது. மறுக்க முடியாத வாதம், பத்துக்குப் பத்து போட்டேன். இரைச்சலுக்கு ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், நாளடைவில் பழகிக்கொள்ளும் என்று ஐந்தாம் அத்தியாயம் சொல்லியது, ஓரத்தில் "அவை சொன்னனவா?" என்று எழுதிவிட்டேன். எட்டாம் அத்தியாயத்தில் குளிர்காலத்தில் நம் துறைமுகம் உறைந்துபோகும்போது என்று வந்ததும், "பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதாதே, தம்பி" என்று எழுதினேன். பழக்கதோஷம். அது தங்கள் அத்தியாயமில்லை என்பதில் எனக்கு ஆறுதல். கூட்டிப் பார்த்தால் அறுபத்துமூன்று. முகப்பில் எழுதி வட்டம் போட்டேன். வட்டம் போட்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது. எங்கள் கீழ்வீட்டில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை டீசல் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் மனைவி உட்பட. அவர் வந்து, "சார், அந்தப் பெரிய புக்கு ஒருநாள் குடுங்க. நாளைக்கு மீட்டிங்ல ஏதாவது கேக்கணும், ஒண்ணுமே தெரியாம போய் நின்னா அசிங்கம்" என்றார். எனக்கு இல்லை என்று சொல்ல வராது. பென்சில் எழுத்தை அழித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

மூன்றாவதுதான் தங்களுக்கு வருத்தம் தந்தது. மக்கள் கருத்தைக் கேட்க நகராட்சி மண்டபத்தில் கூட்டம். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், யாருக்கும் இடைஞ்சலில்லாமல் உட்கார்ந்திருந்தேன். டீசல் எழுந்து அறிக்கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "எங்க மாடி சார் முழுசா படிச்சுட்டாரு. காலேஜ் வாத்தியாரு. அறுபத்துமூணுதான் போட்டிருக்காரு. மீதி முப்பத்தேழு எங்க போச்சு?" என்றார். மண்டபம் கைதட்டியது. வெள்ளைச் சீருடையில் இருந்த கடற்படை அதிகாரி கொஞ்சமும் கலங்காமல், "அறுபத்துமூணுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்க" என்றார். மறுபக்கம் கைதட்டியது. மீன் விற்கும் அம்மா ஒருவர், "எம்பொண்ணு அறுபத்துமூணு வாங்கிட்டு வந்தா நான் வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்" என்றார். "கேள்வித்தாள் கஷ்டமா இருந்திருக்கும்மா" என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். ஒரு பக்கம் மறுமதிப்பீடு கேட்டது. இன்னொரு பக்கம் தூணைச் சுட்டிக்காட்டியது. அனுமதிக் குழுவின் சார்பில் நடுவராக இருந்த அம்மையார் என்னை மேடைக்கு அழைத்துவிட்டார். உட்கார ஒரு நாற்காலி போட்டார்கள்.

டீசலிடமிருந்து அறிக்கையை வாங்கிப் புரட்டிய அம்மையார், "இந்த சிவப்பு பென்சில் உங்களோடதா?" என்று கேட்டார். மறுக்கலாமா என்று யோசிப்பதற்குள் என் தலை ஆடிவிட்டது. "மண்ணைப் பத்தின அத்தியாயத்துக்கு மட்டும் ஒன்பது போட்டிருக்கீங்களே?" என்றார். எழுத்து மிகத் தெளிவாக இருந்தது என்றேன். டீசல் கீழேயிருந்து, "தெளிவாதான் சார் இருக்கு. பொருத்தமான இடத்துல கொட்டப்படும்னு போட்டிருக்கு. எந்த இடம்னு போடலையே? கடல் பெருசுதான். மீன் குஞ்சு பொரிக்கிற மேடு இத்துனூண்டு. அதுமேல கொட்டிட்டா படகு எதுக்கு, எஞ்சின் எதுக்கு, நான் எதுக்கு?" என்றார். நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். மறுபடியும் கேட்டுக் குடித்தேன். பொதுமக்களில் முழுதும் படித்தவர் ஒருவர்தான், அவரே முதல் வகுப்பு தந்திருக்கிறார் என்று பதிவுசெய்து, மேற்கொண்டு கருத்து இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதலாம், இல்லையேல் அனுமதிக்குப் பரிந்துரை செய்யப்படும் என்று அம்மையார் கூட்டத்தை முடித்தார்.

அன்று மாலையே மகள் கூப்பிட்டாள். "என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? ஆபீஸ்ல எல்லாரும் அவரை அறுபத்துமூணுன்னு கூப்பிடறாங்களாம். சாப்பிடாம உக்காந்திருக்காரு." மாப்பிள்ளை, தயவுசெய்து சாப்பிடுங்கள். யோசித்துப் பார்த்தால் என்னால் தங்களுக்கு நன்மையே விளைந்திருக்கிறது. அனுமதி கிடைத்துவிடும். அறிக்கையிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவர்களில் தாங்கள் இரண்டாவது. முதலாமவர் நீருக்குள் இருப்பது வெளியே தெரியாது என்று மட்டும்தான் எழுதினார்.

நான்காவது. மாமனார் என்ற முறையில் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. விடைத்தாளில் முகம் தெரியாது என்பது என் தொழில் தர்மம். இதை நீங்கள் அலுவலகத்தில் தாராளமாகச் சொல்லலாம்.

ஐந்தாவது நினைவுக்கு வரவில்லை. குழந்தைக்கு என் முத்தங்கள். மகளிடம் கோபம் தணிந்ததும் ஒரு வரி எழுதச் சொல்லவும். தங்கள் புகழும் உடல்நலமும் மேலும் மேலும் ஓங்க மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஏழாம் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். முகம் தெரியாத ஒருவன் எழுதியிருந்தால் என்ன போட்டிருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டு. தெளிவான எழுத்துக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று. மீதி ஏழும் நீங்கள் என் மாப்பிள்ளை என்பதற்காகப் போட்டது. ஆகவே நான்காவதாக எழுதியது தவறு. மொத்தம் ஐம்பத்தாறு, முதல் வகுப்பு இல்லை. மண்ணை எங்கே கொட்டப்போகிறீர்கள் என்று பதினைந்து நாளுக்குள் நீங்களே குழுவுக்கு எழுதிவிட்டால், அந்த ஏழும் நியாயமாகவே உங்களுக்குச் சேரும். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதவேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு தைரியம் வராது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நானும் சற்றுமுன்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.